இரண்டாம் திரை தாமதித்த காரணம்

1

சென்ற ஆடி இதழில் நான் எழுதிய குறிப்பின் கடைசி வாக்கியத்தைப் பலர் மறந்திருக்கலாம். மறக்காதவர்களும் பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள் என்பது போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. "வரும் கார்த்திகை முதல் நாளிலிருந்து திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் முனையில் நம் ஐயப்ப பக்தர்களுக்காக ஒரு தமிழ்த் திரை எரியும், அதை எரிய வைப்பதில் எனக்கும் பங்கு உண்டு" என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தபோது எனக்கே சற்று நிறைவாக இருந்தது.

ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தவர் என் மைத்துனர் நமச்சிவாயம்.

"அத்தான், சொகமா இருக்கியளா? ஒண்ணுமில்ல, நம்ம ஆறுமுகம் அண்ணாச்சி மலைக்குப் போய்ட்டு வந்தாவ. நீங்க எழுதுன டிவி இருட்டாக் கெடக்காம்லா?"

"டிவி இல்லை. திரை."

"சரி, தெரை. மலையாளப் பொட்டி ஜம்முனு ஓடுதாம். தமிழ்ப் பொட்டியில கரி அப்புன மாதிரி இருக்காம். ஊருக்கு வந்து எறங்குன அன்னைக்கே நாலு பேர வச்சுக்கிட்டு சொல்லிட்டாவ. 'சங்கரலிங்கம் காலேஜுலேயே இப்படித்தான்டே, பேச்சு பெருசா இருக்கும்'னு ஒரு சிரிப்பு வேற."

மைத்துனர் தொடர்ந்தார்.

"நல்லவேளைக்கு அங்க நின்ன ஒரு மலையாளத்துக்காரர் பஸ்ஸுக்கு வழி சொன்னாராம். தங்கமான மனுசனாம். இல்லேன்னா அலைஞ்சிருப்போம்னு சொன்னாவ."

ஆறுமுகம் என்னோடு ஒரே கல்லூரியில், ஒரே புகுமுக வகுப்பில் படித்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் ஊர் நம்பும். அறுபது வயதுக்கு மேல் ஒருவனிடம் மிஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். அது பிறந்த ஊரில் கெடுவதை இங்கிருந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. ஆகவே இந்தக் குறிப்பு.

2

இதழாசிரியர் என் குறிப்புகளை டொராண்டோ அன்பர், சிங்கப்பூர் அன்பர் ஆகியோர் எழுதுவனவற்றுடன் சேர்த்து 'அயலிலிருந்து' என்ற பகுதியில் வெளியிடுகிறார். காலையில் பஸ் ஏறினால் மதிய உணவுக்கு ஊர் வந்துவிடக்கூடிய நான் அயலானா என்று சிலர் கேலி செய்வதாக அறிகிறேன். டொராண்டோக்காரருக்கு ஒரு நன்மை உண்டு. அவரை அங்கே யாரும் டொராண்டோக்காரர் என்று நினைப்பதில்லை. ஊருக்கு வந்தாலும் நினைப்பதில்லை. என் நிலை அவ்வளவு தெளிவானதன்று.

வேலை கிடைத்துத் திருவனந்தபுரம் வந்த புதிதில் கடைக்காரர்கள் என்னை "அண்ணாச்சி" என்று அழைத்தார்கள். நம் ஊரில் அது மரியாதைச் சொல். இங்கே அது தமிழன் என்பதற்கு இன்னொரு பெயர். சற்றே சிரிப்போடு சொல்லப்படுவது. பொறியியல் படித்தவன், அரசுத்துறை மின்னணு நிறுவனமொன்றில் அதிகாரி. எனக்கு அது உறுத்தியது. நாளடைவில் முண்டு உடுத்தவும், காலையில் நெற்றியில் சந்தனம் இடவும், அலுவலகத்தில் மலையாளத்தில் குறிப்பெழுதவும் பழகினேன். "சார்" என்று அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு கொடுத்தேன் என்று அப்போது கணக்குப் பார்க்கவில்லை. இப்போது பார்ப்பதிலும் பயனில்லை.

ஓய்வுக்குப் பின் வாரத்தில் சில நாட்கள் கழக்கூட்டம் என்ற புறநகர்ப் பகுதிக்குப் போய் வருகிறேன். என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற சுகுமாரன் நாயர் அங்கே ஒரு வாடகை ஃபிளாட்டின் மாடியில் சிறு நிறுவனம் நடத்துகிறார். பேருந்து நிலையம், மருத்துவமனை போன்ற பொது இடங்களுக்கான தகவல் திரைகளை அமைத்துத் தருவது தொழில். பழவங்காடி வியாபாரிகள் சங்கம் சபரிமலை மண்டல காலத்துக்கு ஒரு தகவல் திரை கேட்டது. கோயில் நேரங்கள், பஸ் புறப்படும் இடம், குளிக்கும் இடம், மருத்துவ உதவி: இவ்வளவே.

தமிழிலும் வேண்டும் என்று சொன்னவன் நான். சங்கத்தின் செயலாளர் வேலப்பன் பாத்திரக் கடை வைத்திருப்பவர். தமிழ் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி அவருடைய தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன.

"எதுக்கு அண்ணாச்சி? தமிழ்நாட்டு சாமிமார் எத்தர காலமா வருது? ஒரு போர்டும் இல்லாதெ தன்னே வழி கண்டுபிடிச்சு போகுமல்லோ."

"கண்டுபிடித்துப் போகிறார்கள் என்பதற்காகத் தேட விடுவது முறையா?" என்றேன். இதை மலையாளத்தில்தான் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சரி. ரெண்டு ஸ்க்ரீன் வச்சோ. ஒரு ஆழ்ச்ச நோக்கும். கறுத்துக் கிடந்தா தமிழ் எடுத்துடும். அதுல நம்ம கடைகளோட பரஸ்யம் போடலாம்."

ஆழ்ச்ச என்றால் வாரம். பரஸ்யம் என்றால் விளம்பரம். முதல் வாரத்தில் இரண்டாம் திரை இருண்டு கிடந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் குக்கரும் எவர்சில்வர் குடமும் வரும். இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு வந்துதான் ஆடி இதழுக்கு எழுதினேன்.

3

இந்தப் பகுதி சிலருக்கு அலுப்பூட்டும். ஆனால் திரை ஏன் தாமதித்தது என்பது இதில்தான் இருக்கிறது. ஆறுமுகம் கணிதம் கற்பித்தவர், அவருக்கு விளங்கும்.

எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு திரைகளுக்கு இரண்டு டிஸ்ப்ளே கார்டுகள். ஒவ்வொரு கார்டிலும், தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பிய ஒரு சிறு நிரல் இருக்கும். வீடியோ பயாஸ் என்பது அதன் பெயர். அந்தக் கார்டு எப்படி விழித்தெழ வேண்டும், அதன் கடிகாரம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பவை அதில் அடங்கும். மின்சாரம் வந்ததும் மதர்போர்டு ஒரு கார்டின் பயாஸை மட்டும் கூப்பிட்டு நடத்தும். அந்தத் திரை உடனே ஒளி பெறும். இரண்டாவது கார்டை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாங்கள் பயன்படுத்திய லினக்ஸ் இயங்குதளம் வந்து சேர்ந்த பிறகு, அதன் டிரைவர் என்ற நிரல் போய் அந்தக் கார்டின் பயாஸைத் தேடி எடுத்து, அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக நடத்தி எழுப்ப வேண்டும்.

"மனசிலாயோ சாரே?" என்று சுகுமாரன் நாயர் சிரித்தார். "ஒண்ணாமத்த கார்டு நாட்டுக்காரன். ரெண்டாமத்தது பாண்டிக்காரன். விளிக்கிற வரைக்கும் வாசல்ல நிக்கட்டே."

தமிழனைப் பாண்டி என்னும் இவ்வகை உவமைகளில் எனக்கு விருப்பமில்லை. "வேலையைப் பார்ப்போம்" என்றேன்.

இரண்டாவது கார்டைச் செய்த நிறுவனத்துக்கு விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள், அனுப்பினோம். நிறுவனத் தலைவரின் கையொப்பம் சான்றளிக்கப்பட வேண்டும் என்றார்கள், அதையும் செய்தோம். ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் கார்டுகள் வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். ஒன்று என்று உண்மையைச் சொன்னோம். அத்துடன் பதில் நின்றது.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் வீடியோ பயாஸ் இருக்குமிடம் என்று தொழிலில் உள்ள எல்லாரும் அறிந்த ஒரு பழைய முகவரி உண்டு. சுகுமாரன் நாயர் அங்கே போய்ப் படித்தார். நிரல் கிடைத்தது. அதைக் கொண்டு இரண்டாவது கார்டை எழுப்பினால் திரையில் கோடுகள் மட்டும் ஓடின. படித்ததை எழுத்துகளாக விரித்துப் பார்க்கச் சொன்னேன். நடுவே முதல் கார்டின் பெயர் இருந்தது. மதர்போர்டு தான் எழுப்பிய கார்டின் பயாஸைப் பிரதியெடுத்து அங்கே வைத்திருக்கிறது. நாங்கள் அதை இரண்டாவதற்குரியது என்று நம்பி நடத்தியிருக்கிறோம்.

இரண்டாவது கார்டுக்குரியதை அந்தக் கார்டிடமே கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் அமைப்பு ரெஜிஸ்டர்கள் என்ற சிறு பகுதி இருக்கிறது. அதில் பயாஸுக்கென்று உள்ள ரெஜிஸ்டரில் ஒரு முகவரியை எழுதி, கடைசி பிட்டை ஒன்றாக்கினால், கார்டின் சொந்த பயாஸ் அந்த முகவரியில் தெரியும். அப்படியே செய்தோம். தெரிந்தது. சுகுமாரன் நாயர் கீழே போய் இரண்டு பழம்பொரி வாங்கி வந்தார். அதைத் தின்றுகொண்டே திரைக்கு முதல் வரியை அனுப்பினார். கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டோம், மறுபடி உறைந்தது. அந்த வாரம் முழுவதும் உறைந்தது.

"ஈ கார்டு வேண்டாம் சாரே. நமுக்கு ஒரு ஸ்க்ரீனிலே ரெண்டு பாஷையும் மாறி மாறி காட்டாம்."

நான் இணங்கவில்லை. அந்தக் கார்டு இணைப்புக்கான தரவரையறைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

4

வீட்டில் என் மகள் கோமதியும் அதையே சொன்னாள். அவளும் கழக்கூட்டத்தில்தான், வேறொரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். திரையில் வரப்போகும் தமிழ் வரிகளைப் பிழை பார்க்கக் கொடுத்திருந்தேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"பே...ருந்...து. அப்பா, பஸ்ஸுன்னு எழுதினா போதாதோ? வர்றவங்க பஸ்ஸுன்னுதானே சோதிக்கும்?"

"கேட்பார்கள் என்று சொல்."

"ஆ, கேட்கும். ஒரே ஸ்க்ரீன்ல மாத்தி மாத்திக் காட்டுங்களேன் அப்பா. நான் வீட்டுல தமிழ், வெளியில மலையாளம் பேசறேன். எனக்கு ரெண்டு வாயா இருக்கு?"

அவளிடம் கோபம் கொள்ள எனக்கு உரிமை குறைவு. அவள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே. ஒரு விண்ணப்பத்துக்காக நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்டு அவளை வில்லேஜ் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் எங்களை உட்காரச் சொல்லி மரியாதையாகவே பேசினார். தகப்பனார் எங்கே பிறந்தார் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். "அப்போள் மோள் நேட்டிவ் அல்லல்லோ சாரே" என்று வருத்தத்துடன் காகிதத்தைத் திருப்பித் தந்தார். ஊருக்குப் போய்க் கேட்டால், இங்கே பிறந்த பெண்ணுக்கு நாங்கள் எப்படித் தருவது என்றார்கள். இரண்டு இடத்திலும் சட்டம் சரியாகவே இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து மலையாள வாரப்பத்திரிகை படித்துக்கொண்டு வந்தாள். நான்தான் வழி நெடுக நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே திரையில் மாறி மாறிக் காட்டுவதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழ் வரும்வரை தமிழர்கள் மலையாளத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவே. இவ்வளவு காலம் நின்ற நான் அதை மற்றவர்களுக்கும் ஏற்பாடு செய்து தர விரும்பவில்லை. இதைக் கோமதியிடம் சொல்லவில்லை. "பேருந்து என்றே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

5

காரணம் புத்தகத்தில் இருந்தது. முகவரியை அடையாளம் காணும் உறுப்பு ஒரு கார்டில் ஒன்றே ஒன்று இருக்கலாம். பயாஸும் திரை நினைவகமும் அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட கார்டில் அந்தக் கடைசி பிட் ஒன்றாக இருந்து, பயாஸின் கதவு திறந்திருக்கும் வரை திரைக்கு அனுப்பும் எதையும் கார்டு காதில் வாங்காது. நாங்கள் பயாஸைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டிருந்தோம்.

"அடைக்கணுமோ?" என்றார் சுகுமாரன் நாயர். "பின்னெயும் வாயிக்கேண்டி வந்நாலோ?"

"இனி வாசிக்க வேண்டியதில்லை. ஒருமுறை பிரதியெடுத்து, கூட்டுத்தொகை சரிதானா என்று பார்த்து, அடைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகே திரையைத் தொட வேண்டும்."

"பிறந்த வீட்டுக் கதவெ அடைச்சாத்தான் சாருக்கு வெளிச்சம் வரும் அல்லே?"

இதற்கும் நான் சிரிக்கவில்லை. கடைசி பிட்டைப் பூஜ்யமாக்கினோம். திரை எரிந்தது. 'சுவாமி சரணம்' என்ற தமிழ் எழுத்துகள் பிசிறின்றி நின்றன. சுகுமாரன் நாயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் இந்த ஒழுங்குக்கு நேரம் ஆகும். எங்களுடையது பழைய கம்ப்யூட்டர். லினக்ஸ் எழுந்து, முதல் திரையில் மலையாளம் வந்து, அதற்குப் பிறகு இரண்டாவது கார்டின் பயாஸைப் படித்து, அடைத்து, கட்டளைகளை ஒவ்வொன்றாக நடத்தி முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை மலையாளம் ஓடும், பக்கத்தில் இருட்டு. ஒத்திகையன்று வேலப்பன் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, இது எப்பவும் லேட்டா?"

"மின்சாரம் போய் வரும்போது மட்டும்."

"இவிடெ கறண்டு எப்பவும் போய் வருமே."

6

கார்த்திகை முதல் நாள் காலையில் தமிழ்த் திரை எரிந்தது. நான் வெள்ளை முண்டும் சட்டையும் அணிந்து, கணபதியைத் தொழுது, சந்தனம் இட்டுக்கொண்டு, மடக்குக் குடையுடன் திரைக்கருகே நின்றேன். வேலப்பன் தன் கடைப்படியில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு உடுத்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தேங்காய் வாங்கினார்கள், உடைத்தார்கள், போனார்கள். சிலர் திரையை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் தம் பையனுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அந்த வாரம் ஒவ்வொரு நாளும் காலையில் போய் நின்றேன்.

வாரத்தின் கடைசி நாளில், யாரோ புதிதாக விளக்குச் சரம் இணைக்கப்போய், வரிசை முழுவதும் மின்சாரம் போனது. சிறிது நேரத்தில் வந்தது. மலையாளத் திரை ஒளிர்ந்தது. இரண்டாம் திரை இருண்டு நின்றது. கம்ப்யூட்டர் இப்போது கதவைத் திறந்திருக்கும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். எதிர்ப்படியில் வேலப்பன் எழுந்து நின்றுவிட்டார். அன்று அது எரியாவிட்டால் மறுநாள் அங்கே குக்கர்.

அந்த நேரத்தில் இருமுடி தாங்கிய ஒரு குழு வந்தது. முன்னால் வந்தவர் தாடி வளர்த்து, கழுத்தில் மாலைகளும் நெற்றி நிறைய நீறுமாக இருந்தார். இருண்ட திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாரே... பம்பா பஸ்... எவிட?"

தட்டுத் தடுமாறிய மலையாளம். என் கண் திரையில் இருந்தது.

"தம்பானூரில் போணம்" என்றேன். "இவிடந்து நேரே நடந்நால் மதி. ஓவர்பிரிட்ஜ் கழிஞ்ஞால் ஸ்டாண்டாயி."

"ரொம்ப... வளரே நன்றி சாரே. சாமி சரணம்."

"சுவாமி சரணம்."

அவர்கள் தெருவைக் கடந்து கூட்டத்தில் கலந்தார்கள். அவர்கள் முதுகு மறைந்த பிறகு இரண்டாம் திரை ஒருமுறை வெளுத்து, பின் தெளிந்தது. முதலில் வந்த வரி: 'பம்பை செல்லும் பேருந்துகள் தம்பானூர் நிலையத்திலிருந்து புறப்படும்.'

கூப்பிட்டிருக்கலாம். நடுச் சந்தியில் நின்று கூவுவது எனக்குப் பழக்கமில்லை. முழங்காலும் ஓட இடம் தரவில்லை. வேலப்பன் தெருவைக் கடந்து வந்து திரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஆ, வந்நல்லோ. கிடக்கட்டே அண்ணாச்சி, தமிழ் அங்கேயே கிடக்கட்டே."

தமிழ் அங்கேயே இருக்கிறது. நான் இதை எழுதும் இன்றும் எரிகிறது.

7

மைத்துனர் சொன்னதைக் கேட்டு, அந்த மலையாளத்துக்காரர் எப்படி இருந்தாராம் என்று விசாரிக்கச் சொன்னேன். மறுநாள் அழைத்தார்.

"கண்ணாடி போட்டு, வெள்ள வேட்டி கட்டி, நெத்தியில சந்தனமாம் அத்தான். கையில மடக்குக் குடையாம். பாத்தாலே அந்த ஊரு பெரிய மனுசன்னு தெரியுமாம். ஏன், ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிந்தவர்தான்" என்றேன்.

"அப்போ நல்லதாப் போச்சு. அவரையே விட்டுச் சொல்லச் சொல்லுங்க. ஆறுமுகம் அண்ணாச்சி நம்புவாவ. 'அந்த மனுசன் வாயில பொய் வராதுடே'ன்னு அவியளே சொன்னாவ."

இரண்டு நாள் யோசித்தேன். சும்மா இருந்தால், செய்யாததைச் செய்ததாக எழுதியவன் என்று பெயர். சாட்சியைக் காட்டினால், கல்லூரித் தோழனுக்கே மலையாளத்தானாகத் தெரிந்தவன் என்று பெயர். இரண்டில் எது குறைந்த நட்டம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோமதியிடம் கேட்டேன். "ரெண்டும் நிஜந்தானே அப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகம் கிளம்பினாள்.

ஆறுமுகம் அவர்களுக்கு: தாடியில் உங்களை நானும் அறியவில்லை, அந்தக் குறை நம் இருவருக்கும் சமம். நீங்கள் தமிழில் கேட்டிருந்தால் தமிழில் சொல்லியிருப்பேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். திரையைப் பொறுத்தவரை, நீங்கள் தெருவைக் கடந்ததும் அது எரிந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்குரிய விடையே அதில் முதல் வரியாக வந்தது. இதற்கு நீங்கள் நம்பக்கூடிய ஒரே சாட்சி, உங்களுக்கு வழி சொன்ன அந்த மலையாளத்துக்காரர். அவர் வாயில் பொய் வராது என்று நீங்களே சொல்லியிருப்பதால், அவருடைய கையெழுத்தைக் கீழே பெற்றிருக்கிறேன்.

மு. சங்கரலிங்கம்
திருவனந்தபுரம்